துடுப்பு நிற்கக் கூடாது

சித்திரை மாதம், காலை பதினொன்றரை மணி இருக்கும். பாளையங்கோட்டையில் அந்த நேரத்துக்கு மொட்டை மாடித் தளத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. லீவுக்கு வந்திருந்த அக்காள் மகள் என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கையில் லென்ஸ், இன்னொரு கையில் பாதி தண்ணீர் ஊற்றிய காகிதக் கப்.

முந்தின நாள் ராத்திரி கரண்ட் போயிருந்தபோது நான் காட்டிய ஒரு வித்தைதான் இதற்கெல்லாம் காரணம். காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர் தொடுகிற பக்கத்தை மெழுகுவர்த்திச் சுடருக்குக் காட்டினேன். கப்பில் புகைக்கரி படிந்தது, தண்ணீர் சுட்டது, ஆனால் காகிதம் எரியவில்லை. காகிதம் கருக 230, 250 டிகிரி சூடாவது வேண்டும். உள்ளே இருக்கிற தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. வருகிற சூட்டைத் தண்ணீர் அந்தந்த நொடியே வாங்கிக்கொள்வதால் காகிதம் பிழைத்துக்கொள்கிறது. "லென்ஸை வச்சுக் காட்டினா எரியுமா மாமா?" என்று கேட்டாள். தண்ணீர் இருக்கிறவரைக்கும் எரியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

மாடியில் அவள் லென்ஸை முன்னே பின்னே நகர்த்தி, கப்பின் பக்கத்தில் அச்சிட்டிருந்த பழுப்பு நிறப் பட்டையின் மேல் கடுகளவு ஒளிப்புள்ளியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இரண்டு, மூன்று நொடி. புள்ளியிலிருந்து நூல்போலப் புகை எழும்பியது.

"கருகுது பாருங்க மாமா! எரியாதுன்னு சொன்னீங்கள்லா?"

கப் ஓட்டையாகவில்லை. மேல்தோல் மட்டும் கருகியிருந்தது. விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே தண்ணீர் அப்படியே இருந்தது, சூடுகூட ஏறவில்லை. ஒரு சுவரின் அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் கரி. நடுவே இருந்தது அரை மில்லிமீட்டர்கூட இல்லாத காகிதம்.

அந்தப் புள்ளியில் என்ன நடந்தது என்று கணக்குப் போட்டால், சூரிய வெப்ப மின்நிலையங்களைக் கட்டுகிற பொறியாளர்களின் முதல் தலைவலியிலேயே போய் நிற்போம்.

நடுப்பகலில் தெளிந்த வானிலிருந்து ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1,000 வாட் வெயில் விழுகிறது. ஒரு இஸ்திரிப் பெட்டி இழுக்கிற கரண்டுக்குச் சமம். அவள் கையில் இருந்த லென்ஸின் அகலம் சுமார் 5 செ.மீ., குவியத் தூரம் சுமார் 15 செ.மீ. சூரியன் நம் கண்ணுக்கு ஏறக்குறைய அரை டிகிரி அகலமாகத் தெரிகிறது. அதனால் எந்த லென்ஸும் கண்ணாடியும் சூரியனை ஒரு புள்ளியாகச் சுருக்கிவிட முடியாது. குவியத் தூரத்தை 107ஆல் வகுத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு பெரிய வட்டமாகத்தான் அதன் பிம்பம் விழும். 15 செ.மீ.க்கு அது 1.4 மி.மீ. அதாவது ஒரு கடுகு. 5 செ.மீ. வட்டத்தில் விழுந்த வெயில் முழுவதையும் ஒரு கடுகின் மேல் கொட்டினால் செறிவு ஆயிரம் மடங்கு கூடுகிறது. சதுர மீட்டருக்கு 1,000 கிலோவாட்! ஒரு ஜன்னலளவு இடத்தில் ஆயிரம் இஸ்திரிப் பெட்டிகளின் சூடு. மெழுகுவர்த்திச் சுடர் கொடுப்பது இதில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

பாலைவனங்களில் உயரமாக எழுப்பப்படும் சூரியக் கோபுரங்களின் உச்சியிலும் கிட்டத்தட்ட இதே செறிவுதான். ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் தரையில் நின்றபடி சூரியனோடு திரும்பித் திரும்பி, அத்தனை வெயிலையும் கோபுரத்தின் தலையில் இருக்கும் வெப்ப ஏற்பி மீது அனுப்புகின்றன. கடுகின் கணக்கு அங்கேயும் செல்லும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிற கண்ணாடி அனுப்புகிற சூரியப் பிம்பம், 1,000 மீட்டரை 107ஆல் வகுத்தால், 9 மீட்டருக்கு மேல் அகலம் வரும். அதனால்தான் பெரிய கோபுரங்களின் ஏற்பி பல மாடிக் கட்டடம் அளவுக்கு இருக்கிறது. நம் மாடியில் கடுகு, அங்கே மாளிகை. இரண்டின் மேலும் விழுவது ஒரே தீவிரமுள்ள வெயில்.

வெயிலைச் சேர்ப்பது கடினம் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். கண்ணாடிகளை எண்ணிக்கையில் கூட்டினால் சேர்ந்துவிடும். பிரான்சின் பிரனீஸ் மலைப்பகுதியில் ஓதெயோ என்ற ஊரில் இருக்கும் சூரிய உலை, கண்ணாடிகளைக் கொண்டே 3,000 டிகிரிக்கு மேல் எட்டுகிறது. சேர்ந்த வெயிலை அந்த இடத்தில் தங்கவிடாமல் கைமாற்றுவதுதான் பாடு.

திருநெல்வேலிக்காரனுக்கு இதை விளங்கவைக்க அல்வாச் சட்டியைத் தவிர வேறு பாடப்புத்தகம் வேண்டாம். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் அகன்ற சட்டியில் கொதித்து இறுகிக்கொண்டிருக்கும். அடுப்பு முழு வேகத்தில் எரியும். துடுப்புப் போடுகிறவர் பேசுவார், வியர்வையைத் தோளில் துடைத்துக்கொள்வார். துடுப்பை மட்டும் நிறுத்த மாட்டார். நிறுத்தினால் அடிபிடித்துவிடும். மேலே இருக்கிற அல்வா இன்னும் பதத்துக்கே வந்திராது, அடியில் ஒரு நூலளவு கரியாகிவிடும், முழுச் சட்டியும் தீய்ந்த வாடை அடிக்கும். அடுப்பில் சூடு குறைவாக இருந்ததால் கெட்டுப்போன அல்வாவை நான் கேள்விப்பட்டதில்லை. சூடு சட்டியின் அடியிலேயே நின்றுவிட்டால்தான் கெடும்.

வெப்ப ஏற்பியில் அந்தத் துடுப்பு வேலையைச் செய்வது ஓடுகிற திரவம்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், பார்ஸ்டோ ஊருக்கு அருகே, 1996 முதல் 1999 வரை சோலார் டூ என்ற 10 மெகாவாட் சோதனை நிலையம் ஓடியது. அதன் ஏற்பி சுமார் 5 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் உயரமும் கொண்ட உருளை. ஆனால் அது ஒரே தகடால் ஆனதல்ல. 24 பலகைகள், ஒவ்வொன்றிலும் 32 குழாய்கள், மொத்தம் 768. பத்தமடைப் பாயில் கோரைகள் நெருங்கிக் கிடப்பதுபோல இந்தக் குழாய்கள் இடைவெளியில்லாமல் பக்கம் பக்கமாக நின்றன. ஒவ்வொன்றும் நம் கட்டைவிரல் பருமன்தான். குழாய்ச் சுவரின் கனம் 1.2 மி.மீ. வெயில் பட்ட முகத்தில் கறுப்புப் பெயின்ட், விழுகிற ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை விழுங்கக்கூடியது. குழாய்க்குள்ளே ஓடியது உருகிய உப்பு.

அந்த 1.2 மி.மீ. எஃகுச் சுவருக்குள் கொஞ்சம் நுழைந்து பார்க்கலாம். வெயில் மிகக் கடுமையாக விழும் இடத்தில் சதுர மீட்டருக்கு 800 கிலோவாட் வரை தாங்கும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். இவ்வளவு வெப்பம் எஃகைக் கடந்து உள்ளே போக வேண்டுமென்றால், சுவரின் வெளிப்பக்கம் உட்பக்கத்தைவிட ஏறக்குறைய 50 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தாக வேண்டும். ஒரு நகக்கனத்துக்குள் 50 டிகிரி வித்தியாசம்! அதற்குப் பிறகு சுவரிலிருந்து உப்புக்குச் சூடு கைமாற இன்னும் பல பத்து டிகிரி வேண்டும். உப்பு எவ்வளவு வேகமாகச் சுழித்து ஓடுகிறதோ அவ்வளவுக்கு இந்த இரண்டாவது வித்தியாசம் குறையும்.

இதே கணக்கைக் காகிதக் கப்புக்குப் போட்டால் அன்றைக்கு நான் சொன்னது எங்கே பிசகியது என்று தெரிந்துவிடுகிறது. காகிதம் வெப்பத்தைக் கடத்தும் திறன் எஃகினுடையதில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு. இந்த வேகத்தில் வெப்பம் காகிதத்தைக் கடந்துபோக வேண்டுமானால் அதன் இரண்டு பக்கங்களுக்கும் இடையே 2,000 டிகிரிக்கு மேல் வித்தியாசம் தேவைப்படும். 250லேயே அது கருகிவிடுகிறது. மெழுகுவர்த்தியின் மெல்லிய சூட்டுக்கு வழிவிட்ட காகிதம், லென்ஸின் சூட்டுக்கு வழிவிட முடியாமல் தானே வெந்துபோனது. உள்ளே தண்ணீர் இருந்ததெல்லாம் உண்மைதான், சூடு அதுவரைக்கும் போய்ச் சேரவில்லை.

அந்த உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சோடியம் நைட்ரேட் அறுபது பங்கு, பொட்டாசியம் நைட்ரேட் நாற்பது பங்கு. இரண்டாவதை நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வெடியுப்பு! சிவகாசிப் பெயரோடு சேர்ந்தே நாம் கேள்விப்பட்ட அதே உப்பு. தானாக அது எரிவதில்லை, எரிகிற பொருளுக்கு ஆக்சிஜன் கொடுப்பதுதான் அதன் வேலை. கரியும் கந்தகமும் இல்லாத குழாய்க்குள் அது சாதுவாக ஓடும். 565 டிகிரியில் பார்த்தால் தண்ணீரைப்போலத் தெளிவாக, தண்ணீரைப்போலவே இளகி ஓடுகிற திரவம். 290 டிகிரியில் கோபுரத்துக்கு ஏற்றி, 565 டிகிரியில் இறக்கி, வெப்பம் காக்கும் பெரிய தொட்டியில் சேர்த்து வைக்கிறார்கள். ஒரு டன் உப்பு இந்த ஏற்ற இறக்கத்தில் ஏறக்குறைய 115 யூனிட் வெப்பத்தைச் சுமக்கும். வேண்டிய நேரத்தில், நடுராத்திரியானாலும் சரி, அந்தச் சூட்டில் நீராவி எழுப்பி டர்பைனைச் சுற்றலாம். ஸ்பெயினில் செவில் நகருக்கு அருகே 2011இல் ஓடத் தொடங்கிய ஹெமாசோலார் நிலையம், வெயில் போன பிறகும் 15 மணி நேரம் மின்சாரம் தரும் அளவுக்கு உப்பைச் சேர்த்து வைக்கிறது.

ஆனால் இந்த உப்புக்கு இரண்டு பக்கமும் வேலி உண்டு. 600 டிகிரிக்கு மேல் போனால் சிதையத் தொடங்கி, குழாயையும் அரிக்கும். 240 டிகிரிக்குக் கீழே வந்தால் உறையத் தொடங்கும். குழாய்க்குள் உறைந்துவிட்டால் அந்தக் குழாய் அடைத்ததுதான், மறுபடி உருக்கும்போது விரிந்து வெடிக்கவும் கூடும். அதனால் கோபுரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு சடங்குபோல நடக்கிறது. காலையில் குழாய்கள் வெறுமையாக நிற்கும். சில கண்ணாடிகளை மட்டும் முதலில் திருப்பி, வெறும் குழாய்களை மெதுவாகச் சூடேற்றுவார்கள். உப்பு உறையாத சூடு வந்த பிறகே உப்பை ஏற்றுவார்கள். மற்றக் கண்ணாடிகள் அதற்குப் பிறகுதான் திரும்பும். மாலையில் கண்ணாடிகள் முகம் திருப்பிக்கொள்ள, உப்பு தன் எடையிலேயே கீழே வடிந்துவிடும்.

குழாய்களும் சும்மா நிற்பதில்லை. 6 மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய் 500 டிகிரி சூடேறினால் 5 செ.மீ.க்கு மேல் நீளும். இன்றைய பெரிய கோபுரங்களில் குழாய்கள் அதைப்போல மூன்று மடங்கு நீளம், அவை ஏறக்குறைய முக்கால் சாண் நீளும். இரண்டு முனையையும் இறுகக் கட்டிவிட்டால் கோணிக்கொள்ளும். ஆகவே மேலே தொங்கவிட்டு, கீழே தாராளமாக இறங்க இடம் விடுகிறார்கள். இதிலும் ஒரு சிக்கல்: வெயில் படுவது முன்பக்கம் மட்டும். முன்முகம் அதிகம் விரியும், முதுகு குறைவாக விரியும், குழாய் வளையப் பார்க்கும். வளையாதபடி பின்னால் கொக்கிகள் பிடித்துக்கொள்கின்றன. வளைய முடியாத இறுக்கம் எஃகுக்குள்ளேயே தங்குகிறது. இது தினமும் காலையில் ஏறி, மாலையில் இறங்கி, நடுவில் மேகம் வந்தால் இன்னொரு தடவை இறங்கி ஏறி, முப்பது வருடத்துக்கு நடக்க வேண்டும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் என்ன ஆகுமோ அதுதான் அந்தக் குழாய்களின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சுவரைத் தடிப்பாக்கினால் பலம் கூடாதா என்று கேட்கத் தோன்றும். தடிப்பாக்கினால் சுவரின் இரு பக்கச் சூட்டு வித்தியாசம் கூடும், இறுக்கமும் கூடவே ஏறும். மெலிந்திருப்பதால்தான் அது தாக்குப்பிடிக்கிறது.

சோலார் டூவின் ஏற்பியைச் செய்து கொடுத்தது ராக்கெட்டைன் என்ற நிறுவனம். அதற்கு முன்னால் அதே இடத்தில் 1982 முதல் 1988 வரை ஓடிய சோலார் ஒன் நிலையத்தின் ஏற்பியும் அவர்கள் வேலைதான். அந்தப் பெயரை வேறு இடத்தில் கேட்டிருப்போம். சந்திரனுக்கு மனிதரை ஏற்றிச் சென்ற சாட்டர்ன் ஐந்து ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினைச் செய்தவர்கள் அவர்கள். ராக்கெட் எஞ்சின் கட்டுகிறவர்களுக்குச் சூரியக் கோபுரத்தில் என்ன வேலை? எஃப்-1 எஞ்சினின் எரியறைச் சுவரும் இப்படித்தான் இருந்தது. மெல்லிய குழாய்கள் பக்கம் பக்கமாக நின்று, பற்றவைத்து ஒன்றாக்கப்பட்டவை, உள்ளே ஓடுவது எரிபொருள். ராக்கெட்டில் நெருப்பு உள்ளே, கோபுரத்தில் நெருப்பு வெளியே. மெல்லிய உலோகத்தின் ஒரு முகத்தில் தாங்க முடியாத வெப்பம், மறுமுகத்தில் அதை அள்ளிக்கொண்டு ஓடும் திரவம். இரண்டு இடத்திலும் ஒரே கைவேலை.

எங்களுக்கு இது தூரத்துச் சமாச்சாரம் இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் போகிற சாலையில், பணகுடியைத் தாண்டும்போது வலப்பக்கம் எழும்பி நிற்கும் மலை மகேந்திரகிரி. அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். எல்.வி.எம்.3 ராக்கெட்டின் சி.இ.20 கிரையோஜெனிக் எஞ்சினை அங்கேதான் பூட்டி, எரித்துச் சோதிக்கிறார்கள். 2023இல் சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் மேல்கட்டத்தில் இருந்ததும் அந்த வகை எஞ்சின்தான். அதில் எரிபொருளான திரவ ஹைட்ரஜன், மைனஸ் 253 டிகிரிக் குளிரில், நேராக எரியறைக்குள் போவதில்லை. முதலில் எரியறைச் சுவரின் நுண்ணிய கால்வாய்கள் வழியாகச் சுற்றி ஓடிச் சுவரைக் குளிர்விக்கிறது. அந்தச் சூட்டை வாங்கிக்கொண்ட பிறகே உள்ளே போய் எரிகிறது. எஞ்சினின் இடுப்பு ஒடுங்கும் இடத்தில் சுவர் தாங்குகிற வெப்பம் சூரியக் கோபுரத்தில் விழுவதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். ஆனால் அது சில நிமிட வேலை. கோபுரம் முப்பது வருடம் நிற்க வேண்டும். எது கடினம் என்று யாராவது கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஏற்பிக்குள் உப்பு போகும் வழியிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே சூரியன் பெரும்பாலும் தெற்கே சாய்ந்து நிற்பதால், கோபுரத்துக்கு வடக்கே இருக்கும் கண்ணாடிகளே அதிக வெயிலை அனுப்புகின்றன. அதனால் ஏற்பியின் வடக்கு முகம்தான் கடுமையாக வேகும். புதிதாக வருகிற, குளிர்ந்த உப்பை, அதாவது 290 டிகிரியில் இருப்பதை, முதலில் வடக்குப் பலகைகளில் விடுகிறார்கள். வெயில் எங்கே கொல்கிறதோ அங்கே குளிர்ந்த கை. அங்கிருந்து இரண்டு பிரிவாகப் பிரிந்து, ஒன்று கிழக்கு வழியாகவும் இன்னொன்று மேற்கு வழியாகவும் பலகை பலகையாக ஏறி இறங்கி வரும். பாதி வழியில் இரண்டும் பக்கம் மாறிக்கொள்ளும். காலையில் ஒரு பக்கத்திலும் மாலையில் மறுபக்கத்திலும் அதிக வெயில் விழுமே, அந்த ஏற்றத்தாழ்வு இந்தப் பக்கமாற்றத்தில் சரியாகிவிடுகிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் கடைமடைக்கும் சேரும்படி மடையை மாற்றிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கண்ணாடிகளும் எல்லாம் ஒரே நடுப்புள்ளியைக் குறிவைப்பதில்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று குறியைப் பரப்பிவிடுகிறார்கள்.

மேகம் வந்தால் என்ன செய்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெயில் குறைந்தால் உப்பின் ஓட்டத்தையும் குறைக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். சோலார் டூவில் நேர் எதிராகச் செய்தார்கள். மேகம் மறைத்திருக்கும்போதும், வானம் முழுக்கத் தெளிந்திருந்தால் எவ்வளவு உப்பு ஓட வேண்டுமோ அவ்வளவையும் ஓடவிட்டார்கள். சூடு குறைவாக வருகிற அந்த உப்பைக் குளிர்ந்த தொட்டிக்கே திருப்பிவிட்டார்கள். மேகம் விலகும்போது ஆயிரக்கணக்கான கண்ணாடிகளின் வெயில் ஒரே நேரத்தில் வந்து அறையும். அந்த நேரத்தில் குழாய்க்குள் உப்பு மந்தமாக ஓடிக்கொண்டிருந்தால் குழாய் தப்பாது. அடுப்பு கொஞ்சம் அவிந்தாலும் துடுப்புப் போடுகிற கை நிற்காதது மாதிரிதான்.

பம்பே நின்றுவிட்டால்? கணக்குப் பார்த்தால் நெஞ்சு திக்கென்கிறது. அறுநூறு சூரியன்கள் விழும் ஒரு சுவரிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்ள யாருமில்லை, அது தானே ஒளிர்ந்து கதிர்வீசித்தான் வெளியேற்ற வேண்டும் என்றால், அதன் சூடு 1,500 டிகிரியைத் தாண்டிய பிறகே வரவும் செலவும் சமமாகும். அதற்குள் எஃகு உருகிவிடும். இதற்காகவே ஏற்பிக்கு முன்னால் அழுத்தக் காற்று நிரப்பிய ஒரு தொட்டி காத்திருக்கிறது. பம்ப் நின்ற நொடியில் அந்தக் காற்று உப்பை நெட்டித் தள்ளும். ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓட்டம் நிற்காது. கண்ணாடிகள் அத்தனையும் முகம் திருப்பிக்கொள்ள அந்த ஒரு நிமிடம் போதும்.

சோலார் ஒன்னில் குழாய்க்குள் ஓடியது உப்பு இல்லை, தண்ணீர். கோபுரத்திலேயே நீராவியாக்கினார்கள். அதிலுள்ள ஆபத்தை நம் அடுக்களையிலேயே பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் உடனே ஆவியாகிவிடாமல் முத்துமுத்தாக உருண்டு ஓடும். துளிக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய நீராவிப் படலம் எழும்பி, துளியைக் கல் தொடவிடாமல் தாங்கிக்கொள்கிறது. குழாய்ச் சுவரிலும் அப்படி ஒரு படலம் உருவாகிவிட்டால், தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவர் வேகும். உருகிய உப்பு இந்தச் சூட்டில் கொதிப்பதில்லை என்பது அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு பெரிய காரணம்.

இன்னும் மேலே, 1,000 டிகிரிக்குப் போனால் டர்பைன் நன்றாகச் சுற்றும், கிடைக்கும் மின்சாரம் கூடும். தடையாக நிற்பது சூடான பொருள் தானே ஒளிவீசி இழக்கிற வெப்பம். 565 டிகிரியில் ஒரு கறுப்புப் பரப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 28 கிலோவாட் இழக்கிறது. 1,000 டிகிரியில் அது 149. இரண்டு மடங்குகூடச் சூடேறவில்லை, இழப்பு ஐந்து மடங்குக்கு மேல் போய்விட்டது. இழப்பைக் குறைக்க ஒரு வழி, ஏற்பியைக் குறுகிய வாயுள்ள பானைபோலச் செய்வது. வாய்வழியே உள்ளே போன ஒளி சுவர்களில் மோதி மோதி அங்கேயே தங்கிவிடும், வெளியே தப்புவது வாயளவுக்குத்தான். ராஜஸ்தானில் அபு ரோடு அருகே பிரம்மகுமாரிகள் அமைப்பு கட்டிய இந்தியா ஒன் நிலையம் இந்த வழியைப் பிடித்தது. அங்கே 60 சதுர மீட்டர் பரப்புள்ள 770 வட்டில் கண்ணாடிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கனத்த வார்ப்பிரும்பாலான ஒரு குழிவு. பகலெல்லாம் இரும்பு சூட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும், இரவில் அதற்குள் ஓடும் தண்ணீரை ஆவியாக்கும். 1 மெகாவாட்தான் என்றாலும், இருட்டிய பிறகும் ஓடுகிற நிலையம்.

தமிழ்நாட்டிலேயே பார்க்க வேண்டுமானால் ஆரோவில்லுக்குப் போக வேண்டும். அங்கே சூரிய அடுக்களையின் கூரையில் 15 மீட்டர் அகலத்தில் வானத்தைப் பார்த்து விரிந்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. ஆயிரம் பேருக்குச் சமைக்க நீராவி தருவதற்காகக் கட்டியது. கோபுரங்களில் கண்ணாடி நகரும், ஏற்பி அசையாமல் நிற்கும். இங்கே மாறி நடக்கிறது. கிண்ணம் கட்டடத்தோடு கட்டடமாக நிற்கிறது, நீண்ட கையில் தொங்கும் உருளை ஏற்பி சூரியனைத் தொடர்கிறது. கோளத்தின் துண்டாக வளைந்த கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவிக்காது, சூரியன் இருக்கும் திசைக்கு இணையான ஒரு கோட்டில் குவிக்கும். சூரியன் நகர்ந்தால் அந்தக் கோடும் நகரும், ஏற்பி அதன் பின்னால் போனால் போதும். கோட்டில் பரவுவதால் செறிவு குறைகிறது. சோறு பொங்க அது தாராளம். ஏற்பியை யாரும் கருகிப்போகாமல் காக்கப் போராட வேண்டியதில்லை. எந்த வேலைக்கு எவ்வளவு சூடு போதும் என்று முதலிலேயே அளந்து கட்டிய இந்தக் கிண்ணத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

தாமிரபரணிக் கரையில் ஏன் ஒரு கோபுரம்கூட இல்லை? வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் கண்ணாடிக்கு வேண்டியது சூரியனிலிருந்து நேராக வருகிற கதிர். ஈரக்காற்றிலும் மெல்லிய மேகத்திலும் சிதறி, நாலா பக்கமிருந்தும் வருகிற வெளிச்சத்தைக் கண்ணாடியால் குவிக்க முடியாது. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலும் மேகமும் வந்துகொண்டே இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று நம் பக்கம் காற்றாலைகளை வளர்த்தது, ஆனால் ஆளுயரத்துக்கு மேல் விரிந்த கண்ணாடிகளை அசையாமல் நிறுத்த அதே காற்று விடாது. சிதறிய வெளிச்சத்திலும் வேலை செய்யும் சூரியப் பலகைகள் மலிந்தும்விட்டன. ஊருக்கு வடக்கே கங்கைகொண்டானில் 2024இல் டாடா பவர் நிறுவனத்தின் ஆலை சூரிய மின்கலங்களைச் செய்யத் தொடங்கியது. பலகைகள் பகலோடு வேலையை முடித்துக்கொள்கின்றன. ராத்திரி ஏழு மணிக்கு ஊரெல்லாம் ஃபேன் சுற்றும்போது மின்சாரம் தருவதற்கு பேட்டரியோ, சூட்டைச் சேர்த்து வைக்கும் இதுபோன்ற தொட்டியோ வேண்டும். ராஜஸ்தான், லடாக் போன்ற வறண்ட வானுள்ள இடங்களில் இந்த வேலையை இன்னும் முனைப்பாகச் செய்யலாம் என்பது என் எண்ணம்.

சுவரே வேண்டாம் என்று யோசிக்கிறவர்களும் உண்டு. ஜெர்மனியில் யூலிஷ் நகரின் சோதனைக் கோபுரத்தில் தேன்கூடுபோலத் துளையிட்ட பீங்கானின் மேல் வெயிலை விழவைத்து, துளைகள் வழியாகக் காற்றை உறிஞ்சுகிறார்கள். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில், மேலிருந்து திரைபோலக் கொட்டும் கறுத்த மணிகளின் மேலேயே வெயிலைப் பாய்ச்சிப் பார்க்கிறார்கள். பீங்கான் வகையைச் சேர்ந்த அந்த மணிகள் விழுகிற சில நொடிக்குள் சூட்டை வாங்கிக்கொண்டு கீழே தொட்டியில் சேர்கின்றன. நடுவே குழாய் இல்லை, வளைவதற்கும் வெடிப்பதற்கும் சுவர் இல்லை, உறைந்துபோகும் பயமும் இல்லை. திசையன்விளைப் பக்கம் தேரியில் ஒரு கை செம்மணலை அள்ளி வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட்டால், அந்த ஏற்பி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியும்.

இதையெல்லாம் அன்றைக்கு மாடியில் அக்காள் மகளிடம் சொல்லிவிடவில்லை. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் புள்ளியை வெகுநேரம் உற்றுப் பார்க்காதே, லென்ஸ் வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்த்துவிடாதே என்று இரண்டு தடவை சொன்னேன். பிறகு கீழே போய் ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்து வந்தோம். லென்ஸின் ஒளி அதன் பளபளப்பில் பட்டுத் தெறித்து, தண்ணீர்த் தொட்டியின் சுவரில் நெளிந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. "கறுப்பா இருந்தாத்தானே மாமா குடிக்கும்?" என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மீதமிருந்த மெழுகுவர்த்தியைத் தொட்டிக்குப் பின்னால் காற்றுப் படாத மூலையில் ஏற்றி, டம்ளரின் பக்கத்தில் சுடர் படும்படி காட்டி, ஐந்து பைசா அளவுக்குக் கரி பிடிக்கவைத்தோம். டம்ளரில் தண்ணீர் ஊற்றினோம்.

அவள் கரியின் மேல் கடுகைக் கொண்டுவந்து வைத்தாள். புகை வரவில்லை. நான் மேலிருந்து டம்ளருக்குள் எட்டிப் பார்த்தேன். கரும்புள்ளிக்கு நேர் உள்ளே, எஃகில் ஒட்டிக்கொண்டு, ஊசிமுனை மாதிரி ஒரு குமிழ். பக்கத்தில் இன்னொன்று. முதலாவது பெருத்து, பிய்த்துக்கொண்டு மேலே வந்தது. வேறு எங்கேயும் குமிழ் இல்லை.

"வருது, வருது! ஏட்டி, கையை அசைக்காத."

"நான் அசைக்கல மாமா. சூரியன்தான் நகருது," என்றாள், லென்ஸை ஒரு நூலளவு தள்ளிப் பிடித்துக்கொண்டே.